அம்பு செய்வோன் கற்பிக்கும் பாடம்

தம்மபதத்தின் 33, 80, 145 ஆகிய மூன்று பாக்களில் அம்பு செய்யும் தொழிலாளி வருகிறான். அவன் தண்டை நேராக்குவதுபோல் அறிவுடையோர் தம்மையும் தம் சித்தத்தையும் நேராக்குவர் என்பது அவற்றின் கருத்து. அத்தொழிலின் முறையை அறிந்தால் உவமையின் ஆழம் நமக்கு விளங்கும்.

திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே, பொதிகை என நாம் போற்றும் அகத்திய மலைச் சரிவுகளில் மெல்லிய நாணல்மூங்கில் அடர்ந்து வளர்கிறது. மலையாளத்தார் அதனை ஈற்ற என்பர். அங்கு வாழும் காணிக்காரர் முன்னாளில் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடினர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. ஆயினும் மூங்கிலின் இயல்பு மாறவில்லை. எம்மூங்கிலும் முற்றிலும் நேராக வளர்வதில்லை. கணுவுக்குக் கணு சற்றே கோணும். அதனைக் குளிர்ந்த நிலையில் வளைத்தால், கையை விட்டதும் பழைய கோணலுக்கே திரும்பும். மிகுதியாக அழுத்தினால் பிளந்துவிடும். தணலில் இளக்கி, நேராக்கி, ஆறும்வரை பிடித்திருந்தாலே நேர்மை நிலைக்கும். தணல் மிகுந்தாலோ தண்டு கருகும்.

தம்மபத உரை இத்தொழிலை முறையாக விளக்குகிறது. தொழிலாளி காட்டிலிருந்து தண்டைக் கொணர்கிறான், பட்டையை உரிக்கிறான், கஞ்சியும் எண்ணெயும் பூசுகிறான், தணற்சட்டியில் காய்ச்சுகிறான், மரப்பிளவில் இட்டு அழுத்துகிறான். பட்டை உரித்தல் பருமையான கிலேசங்களைக் களைதலாகும். நெய்ப்பு சிரத்தை, வெப்பம் வீரியம், மரப்பிளவு சமதமும் விபஸ்ஸனையும் ஆம். சீனத்திலும் இத்தகைய முறை உண்டு. 1637இல் சோங் யிங்சிங் வெளியிட்ட தொழில்நூல், உலர்ந்து வளைந்த மரத்தண்டைப் பள்ளம் வெட்டிய சிறு மரத்துண்டில் அங்குலம் அங்குலமாக இழுத்து நேராக்குவர் என்று கூறுகிறது.

மகாஜனக ஜாதகத்தில் வரும் அம்பு செய்வோன் ஒரு கண்ணை மூடித் தண்டை நோக்குகிறான். இரு கண்ணாலும் நோக்கினால் பார்வை பரவும். ஒரு கண்ணால் நோக்கினால் கோணல் புலப்படும் என்பது அவன் விடை. பிறர் கோணலையும் நம் கோணலையும் ஒருங்கே நோக்கும் நமக்கு இஃது ஏற்ற மருந்தன்றோ?

ஆயுத வாணிபம் உபாசகர்க்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிபங்களுள் ஒன்றாயிற்றே, அம்பு செய்வோன் எவ்வாறு உவமையானான் என்று நம்முட் சிலர் வினவலாம். இங்கே உவமையாவது அம்பின் பயனன்று. அதனைச் செய்யும் கையின் பொறுமையே. கொல்லும் கருவிக்கே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், துன்பம் தீர்க்கும் சித்தத்துக்கு எத்துணைக் கவனம் வேண்டும்!

புதிதாகத் தருமத்தைச் சரணடைந்த நம்மிற் பலர், தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கங்களை ஒரே நாளில் முறித்தெறிய முயல்கிறோம், இயலாதபோது மனந்தளர்கிறோம். இது குளிர்ந்த மூங்கிலை வளைப்பது போன்றதே. சினமோ, அச்சமோ, சாதிச் செருக்கோ, நம்மிடம் எஞ்சியுள்ள ஒரு கோணலைத் தேர்ந்து, சிரத்தையால் நனைத்து, முயற்சியால் இளக்கி, ஆறும்வரை விடாது பிடித்திருப்போம். இன்று ஒரு கணு நேரானாற் போதும். அடுத்த கணுவை நாளை நோக்குவோம்.