காயம் என்றால் எந்தக் காயம்?

ஆங்கிலம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், வைத்தியசாலைக்கு உம்மும்மாவோடு போகும் வேலை அவளுக்குத்தான். எங்கள் நுகேகொடைப் பக்கத்தில் தமிழ் தெரிந்த டொக்டர் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. உம்மும்மா தமிழில் சொல்ல, நாம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பாடத்தில் ஏ எடுத்தவளும் அங்கே போனால் "பெயின், பெயின்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்பாள்.

தமிழில் இதற்கெல்லாம் சொல் குறைவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். சத்திர சிகிச்சை நூலொன்றை 'இரணவைத்தியம்' என்று 1867இல் தமிழில் வெளியிட்டார். அவர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த பாதையில் நாம் திரும்பி நடக்கலாம். என்ன காயம் என்று முதலில் தமிழில் பிரித்துக்கொண்டால் ஆங்கிலச் சொல் தானாக வந்து சேரும்.

தோல் கிழிந்திருந்தால் அது வூண்ட். (எழுத்தைப் பார்த்து வவுண்ட் என்று வாசிக்காதீர்கள், அது சுற்றினான் என்று பொருள்படும் வேறு சொல்.) இன்ஜரி என்பது உள்ளே பட்ட அடியையும் சேர்த்துச் சொல்வது. முழங்கால் உரசித் தோல் போனால் கிறேஸ். தோல் கிழியாமல் கண்டி நீலம் பாரித்தால் புறூஸ்.

சுளுக்கில் இரண்டு வகை உண்டு. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் இழுபட்டால் ஸ்பிறெயின்; படியில் கால் பிசகினால் பெரும்பாலும் இதுதான். தசை இழுபட்டால் ஸ்ட்ரெயின். எலும்பு வெடித்தால்தான் பிறக்சர், முறிந்தால் வேறு என்று பலர் நினைக்கிறார்கள். டொக்டருக்கு இரண்டும் பிறக்சர்தான்.

நெருப்பிலோ சூடான சட்டியிலோ சுட்டால் பேர்ன். கொதிநீரும் ஆவியும் பட்டால் ஸ்கோல்ட். நோன்புக் கஞ்சி கையில் கொட்டுவது இந்த இரண்டாவது வகை. எதுவானாலும் பற்பசை பூசாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டுப் போங்கள். எப்போது பட்டது, எதனால் பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த ஆணி குத்தியிருந்தால் 'ரஸ்டி நெயில்' என்று சொல்லுங்கள். ஏற்பு ஊசி தேவையா என்று டொக்டர் யோசிப்பது அதைக் கேட்டுத்தான்.

சிகிச்சைச் சொற்களில் இரண்டுதான் குழப்பும். டிரெஸிங் என்றால் உடுப்பு மாற்றுவதல்ல, மருந்து கட்டுவது. பிளாஸ்டர் என்று நாம் விரலில் ஒட்டுவதையும் சொல்கிறோம், முறிந்த கைக்குப் போடும் கட்டையும் சொல்கிறோம். அந்தக் கட்டைக் காஸ்ட் என்றால் சந்தேகம் வராது.

மூத்தவர்களுக்கு ஆகக் கஷ்டமானது நோவைச் சொல்வதுதான். குத்துகிறது என்றால் ஸ்டெபிங். விண் விண் என்று தெறித்தால் துரொபிங். எரிந்தால் பேர்னிங். விறைத்துப் போனால் நம். கடைசி எழுத்து ஒலிக்காது. உளைகிறது என்பதற்கு ஏக்கிங் ஓரளவு பொருந்தும். ஆனால் மழை நாளில் உம்மும்மா "கால் உளையுது மகள்" என்று சொல்வதில் பாதிதான் அந்தச் சொல்லுக்குள் அடங்குகிறது. மீதியைக் காலைத் தொட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.