தீவிலிருந்து தில்லிக்கு ஒரு மனு

தமிழ்நாட்டில் வாழும் ஒருவர், தம் ஊரின் பொதுக்குறையைச் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு எழுதலாம். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அங்குச் சட்டமன்றமே கிடையாது. ஒன்றிய ஆட்சிப்பகுதியான அத்தீவுகளுக்கு நாடாளுமன்றமே சட்டம் இயற்றுகிறது. அங்கே தீவுகளின் சார்பில் அமர்பவர் ஒரே ஒரு மக்களவை உறுப்பினர். மாநிலங்களவையில் அந்த ஓர் இடமும் இல்லை.

ஆகவே, தீவு மக்கள் நாடாளுமன்றக் குழுக்களை அறிந்திருத்தல் மிகத் தேவையாகிறது. துறைசார் நிலைக்குழுக்கள் 24 உள்ளன. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேர், மாநிலங்களவையினர் 10 பேர். தீவுகளின் ஆட்சி உள்துறை அமைச்சகத்தைச் சார்ந்ததால், அது பற்றிய செய்திகள் உள்துறை நிலைக்குழுவுக்கு உரியவை. கப்பல் போக்குவரத்தையும் மருத்துவத்தையும் வேறு இரு குழுக்கள் ஆராய்கின்றன. தீவுகளுக்கு உறுப்பினரே இல்லாத மாநிலங்களவையின் செயலகமே இம்மூன்று குழுக்களுக்கும் பொறுப்பு என்பது வியப்புக்குரியது! குழுக்களின் பெயர்களையும் உறுப்பினர்களையும் இரு அவைகளின் இணையதளங்களிலும் காணலாம்.

சட்டமுன்வரைவு ஒன்றை ஆராயும்போது நிலைக்குழு நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்பதுண்டு. அப்போது குறித்த நாளுக்குள் எழுத வேண்டும். அன்றாட நிருவாகத்தில் நிலைக்குழு தலையிடாது. எனவே, 'நேற்றுக் கப்பல் வரவில்லை' என்று அதற்கு எழுதுவதால் பயனில்லை.

பொதுநலன் சார்ந்த குறைகளுக்கு மக்களவையின் மனுக்கள் குழு உள்ளது. அதன் உறுப்பினர் 15 பேர். அமைச்சர் எவரும் அதில் இடம்பெறார். நீதிமன்றத்துக்கு உரிய வழக்குகளை அது ஏற்பதில்லை. மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ அமைதல் வேண்டும். தமிழில் எழுதுவோர் அவ்விரண்டில் ஒன்றில் மொழிபெயர்ப்பை இணைத்து, அதிலும் கையொப்பமிட வேண்டும். கையொப்பமிடும் ஒவ்வொருவரின் முழுப்பெயரும் முகவரியும் தேவை. எழுதத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். நடை பணிவும் கண்ணியமும் உடையதாக இருத்தல் வேண்டும். மனுவை மக்களவை உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டு அவையில் அளிக்கலாம். மக்களவைப் பொதுச்செயலாளருக்கு நேரே அனுப்பவும் செய்யலாம். கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் வாழ்பவருக்கும் அஞ்சல் வழி போதும்.

சொற்பொருள்
சட்டமுன்வரைவு – சட்டமாகும் முன் அவையில் வைக்கப்படும் வரைவு
மேலொப்பம் – பிறர் ஒப்பத்தை ஏற்று இடும் கையொப்பம்

பயிற்சி
1. நிலைக்குழுவுக்கும் மனுக்கள் குழுவுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. லிட்டில் அந்தமான் தீவுக்குக் கூடுதல் கப்பல் வேண்டி, மனுக்கள் குழுவுக்கு ஒரு மனு வரைக.