பன்னாட்டு முகாமுக்குக் கிளம்பும் தீவுப் பிள்ளைகளுக்கு

2018-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக ஜூனியர் சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்ற ஈசோ ஆல்பன் கார் நிக்கோபார் தீவுக்காரர். அவர்போல வெளிநாடு போகும் பிள்ளைகளை முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "கார் நிக்கோபார் எங்கே இருக்கிறது?" ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முன்பு போர்ட் பிளேர்) தெற்கே சுமார் 270 கி.மீ. என்று சொல்லலாம். ஒரு சின்ன வரைபடம் பையில் இருக்கட்டும்.

இப்படிப் போகக்கூடிய முகாம்களில் ஒன்றான உலக சாரணர் ஜம்போரி அடுத்து 2027-ல் போலந்தில். 14 முதல் 17 வயதினர் கூடுவார்கள். அங்கே பேட்ஜ் மாற்றிக்கொள்வதுதான் நட்புக்கு வழி, கூடுதலாகவே எடுத்துப்போகலாம்.

கலை நிகழ்ச்சிக்கு நிக்கோபாரி வட்ட நடனம் அருமையான தேர்வு. தோளில் கைபோட்டு வட்டமாக நின்றால் போதும், மொழி தெரியாத பிள்ளையும் இரண்டு நிமிடத்தில் காலடியைப் பிடித்துக்கொள்ளும். மேடையில் ஆடிக்காட்டுவதைவிட எல்லோரையும் வட்டத்துக்குள் இழுப்பதே மேல்.

பரிசுக்குப் பவளப்பாறைத் துண்டு வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும். காய்ந்த கொப்பரையும் விமானத்தில் தகராறுதான். பனையோலைப் பின்னல், ஹோடிப் படகின் படம் போன்றவை பத்திரம்.

"எங்கள் தீவுக்கு வாங்க" என்று சட்டென்று அழைத்துவிடக் கூடாது. அது பழங்குடிக் காப்பகம். அனுமதிச் சீட்டில்லாமல் வெளியார் இறங்க முடியாது.