அளவுகோலும் நேர்மையும்: ஆங்கிலத் தேர்வு குறித்துச் சில சிந்தனைகள்

மொழியைக் கற்பித்தல் ஒரு கலை; கற்றதை அளந்தறிதல் மற்றொரு கலை. முன்னதில் வல்லவர் பின்னதிலும் வல்லவராய் இருப்பார் எனப் பொதுவாக எண்ணப்படுகிறது. ஆயினும் பள்ளி ஆசிரியர்க்குப் பி.எட். பயிற்சி உண்டு, கல்லூரி ஆசிரியப் பணிக்கோ அது கட்டாயமன்று. முதுகலைப் பட்டமும் தகுதித் தேர்வும் பாட அறிவுக்குச் சான்றாகுமேயன்றி, வினாத்தாள் அமைக்கும் திறனுக்குச் சான்றாகா.

1912ஆம் ஆண்டில் ஸ்டார்ச், எலியட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஓர் ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்துப் பள்ளி ஆசிரியர் பலரைத் திருத்தச் செய்தனர். 142 பேர் வழங்கிய மதிப்பெண்கள் 64 முதல் 98 வரை வேறுபட்டன. விடை ஒன்றே, திருத்திய கைகளே வேறு.

நல்ல தேர்வுக்கு இரு பண்புகள் வேண்டும். அளக்கக் கருதியதையே அளப்பது ஏற்புடைமை. யார் திருத்தினும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் கிடைப்பது நம்பகத்தன்மை.

1990இல் தோன்றிய மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் நம் குமரி மாவட்டம் அடங்கும். தக்கலை, குளச்சல், திட்டுவிளை முதலிய ஊர்களிலிருந்து தமிழ்வழியில் பயின்றுவரும் மாணவர் பலர், பகுதி இரண்டு ஆங்கிலத்தில் கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்து எழுதித் தேர்ச்சி பெறுகின்றனர். அங்கே அளக்கப்பட்டது நினைவாற்றலே, மொழித்திறன் அன்று. நேர்முகத் தேர்வில் நா எழாது நிற்கும்போதுதான் அவ்வுண்மை வெளிப்படுகிறது. அதன் இழப்பு அம்மாணவனுக்கும் அவன் குடும்பத்திற்குமே.

இதனை ஓரளவு மாற்றும் வாய்ப்பு அகமதிப்பீட்டில் உண்டு. படித்திராத பத்தி ஒன்றைத் தந்து பொருள் கேட்கலாம். ஐந்து நிமிடம் உரையாடச் செய்து கேட்டல், பேசுதல் திறன்களை அறியலாம். திருத்தும் முன்பே மதிப்பெண் பகுப்பை எழுதி வைக்கலாம். ஆசிரியர் இருவர் பத்து விடைத்தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். விடைத்தாளைக் குறிப்புகளுடன் திருப்பித் தந்தால் தேர்வே பாடமாகிவிடும். இவை தமிழ்த்துறையினராகிய நமக்கும் பொருந்துவனவே.

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் குறைவு செய்வோரைக் கடுமையாகக் கண்டிக்கிறது. கடைத்தெருவின் தராசுக்கு வேண்டிய நேர்மை, விடைத்தாள் திருத்தும் மேசைக்கும் வேண்டுவதே. பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் “எத்தனை மதிப்பெண்?” என்பதோடு நில்லாது, “என்ன பேசவும் எழுதவும் கற்றாய்?” என்றும் வினவுவார்களாக. அவ்வினாவுக்கு மாணவர் துணிந்து விடை கூறும் வகையில் நம் தேர்வுகளை அமைப்போமாக.