வடிகட்டியை நீக்கும் முறை

நன்னூலார் மாணாக்கரை வகைப்படுத்துமிடத்து நெய்யரியைக் கடை மாணாக்கர்க்கு உவமையாக வைத்தார். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்வது அதன் இயல்பு. மின்னஞ்சற் பெட்டியில் நாமே அமைத்து மறந்துபோகும் வடிகட்டியும் சில வேளை அத்தன்மையதாகிவிடும்.

கண்டியில் யாம் சார்ந்த சங்கமொன்றின் ஜிமெயில் பெட்டியில் அது நிகழ்ந்தது. பரிசு விழுந்ததாகப் புளுகும் கடிதங்களின் தொல்லை பொறாது, தலைப்பில் ‘பிரைஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் வரும் கடிதம் யாவும் குப்பைக்குச் செல்க என யாமே முன்பு விதித்திருந்தோம். ‘பிரைஸ் கிவிங்’ எனத் தலைப்பிட்டு, பரிசளிப்பு விழாவுக்குப் பொருளுதவ முன்வந்து கனடாவிலிருந்து பழைய மாணவர் எழுதிய கடிதங்களும் அவ்வழியே போயின. குப்பையில் 30 நாள் கிடந்தவை தாமே அழியும். கட்டுகஸ்தோட்டை அன்பர் ஒருவர், “அண்ணருக்கு ஒரு மறுமொழிதானும் இல்லையே, மாஸ்டர்?” என்று தொலைபேசியிற் கேட்டபோதே விழித்தோம்.

வடிகட்டி ஒன்றிரண்டாயின் அமைப்புப் பக்கத்திற் கையால் நீக்குதலே எளிது. எம் பெட்டியிலோ பலர் இட்டவை மலிந்திருந்தன. ஆதலின், பொறியியல் கற்ற பழைய மாணவர் ஒருவர், கூகுள் வழங்கும் பைதான் நிரலகத்தைக் கொண்டு நீக்கும் முறையை எமக்குக் கற்பித்தார். (லைப்ரரி என்பதை இங்கும் நூலகம் எனப் பெயர்ப்போர் உளர், அங்கே நூல் ஒன்றும் இல்லையாதலின் எமக்கு அது உவப்பன்று.)

முதற்கண் உரிமை வேண்டும். கடிதங்களை வாசிக்க மட்டும் பெற்ற அனுமதி போதாது. அமைப்புகளை மாற்றும் அனுமதியைப் பெட்டிக்கு உரியவர் வழங்கல் வேண்டும். அடுத்து, ‘லிஸ்ட்’ என்னும் ஏவலால் பட்டியலைப் பெறுக. வடிகட்டிகளுக்குப் பெயரில்லை; அடையாளக் குறி, நிபந்தனை, செயல் என்பனவே உள. நிபந்தனையை வாசித்தே இன்னது எனத் துணிய வேண்டும். பின்பு ‘டிலீட்’ ஏவலுக்கு அவ்வடையாளக் குறியைக் கொடுக்கலாம்.

இவ்விடத்தில் யாம் இடறினோம். ஏவலை எழுதியதும் காரியம் முடிந்ததெனக் கருதினோம். மீண்டும் பட்டியலைப் பார்க்க, வடிகட்டி இருந்தவாறே இருந்தது. இறுதியில் ‘எக்ஸிகியூட்’ என்று சேர்த்தாலன்றிக் கட்டளை கூகுளைச் சென்றடையாது. முகவரி எழுதியும் தபாற்பெட்டியில் இடாத கடிதம் போன்றது அது. சேர்த்தபின் வந்த விடையோ வெறுமை! அவ்வெறுமையே வெற்றிக்கு அறிகுறி. பிழை நேரின் அன்றோ சொற்கள் வரும்.

நீக்கியது மீளாது, ஆதலால் பட்டியலை முன்னரே படியெடுத்து வைத்தல் நன்று. திருத்தும் ஏவலும் இங்கு இல்லை. பழையதை நீக்கிப் புதியதை ஆக்குதலே வழி. மேலும், வடிகட்டி ஒழிந்தமையால் அது முன்பு தள்ளிய கடிதம் திரும்பி வாராது. குப்பையில் எஞ்சியவற்றை ஒவ்வொன்றாக எடுத்தோம். கட்டுகஸ்தோட்டை அன்பரின் தமையனார் கடிதம் அவற்றுள் இல்லை. அன்றிரவே அவருக்கு யாம் எழுதினோம்.