சேர்மானத்தின் சிறப்பு



நம் உத்தமபாளையத்து நகைப் பட்டறைகளில் தூய தங்கத்தில் வளையல் செய்வதில்லை. 24 பங்கில் 22 பங்கே தங்கம். எஞ்சியது செம்பும் வெள்ளியும். ஏன்? தங்கத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக உள்ளன. அழுத்தினால் அடுக்குகள் எளிதில் வழுக்கும்; நகை வளையும். அளவில் வேறுபட்ட செம்பணு இடையில் புகுந்தால் அந்த வழுக்கல் தடைபடும்; நகை உறுதி பெறும்.

இதே பாடத்தை, கடுந்தீயைத் தாங்கும் ஒரு படிகத்திலும் காண்போம். அதன் பெயர் மாலிப்டினம் டைசிலிசைடு. ஒரு மாலிப்டினம் அணுவுக்கு இரண்டு சிலிக்கன் அணுக்கள் சேர்ந்தது அது. ஜெட் விமானப் பொறிகளில் பயன்படும் நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இப்படிகமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். காற்றில் சூடேறும்போது கண்ணாடி போன்ற சிலிக்காப் படலத்தைத் தானே போர்த்திக் கொள்ளும். ஆகவே உயர்வெப்ப மின் உலைகளில் இது சூடேற்றும் உறுப்பாகப் பயன்படுகிறது.

ஆயினும் இதற்கு இரு குறைகள் உண்டு. குளிர்ந்த நிலையில் பீங்கான் போல் நொறுங்கும். 1,200 டிகிரிக்கு மேல் பாரம் தாங்காமல் தளரும். ஒரு குறையைப் போக்கினால் மற்றொன்று மிகுமோ என்பதே அறிஞர்களின் கவலை.

1999-இல் நம் நாட்டு இயற்பியலறிஞர் உமேஷ் வாக்மாரே தம் துணைவர்களுடன் வெளியிட்ட ஆய்வில், நையோபியம், வனேடியம், அலுமினியம், மக்னீசியம் ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்தால் நொறுங்கும் தன்மை குறையும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் படிகங்களை வளர்த்து, அழுத்திச் சோதித்தனர். ரீனியம் சேர்ந்தபோது படிகம் மேலும் கடினமாயிற்று. அலுமினியமும் நையோபியமும் குளிர்நிலையில் அதை இளக்கின. அடுக்குகள் உடையாமல் சற்றே வழுக்கின. வியப்பு என்னவெனில், நூற்றில் ஒரு பங்கு நையோபியம் சேர்ந்த படிகம் 1,600 டிகிரியில் முன்னிலும் வலிமையாக நின்றது!

பொறியின் வெப்பம் உயர உயர எரிபொருள் மிச்சமாகும். இன்னும் விமானப் பொறிகளில் நிக்கல் கலவைகளே ஆட்சி செய்கின்றன. இப்படிகம் அங்கே இடம் பெற மேலும் ஆய்வு தேவை. அப்பணி நம் மாணவியருக்கும் காத்திருக்கிறது.

தோழியரே! அளவு சிறிதாயினும், சேரும் பொருள் எதுவென்பதே பயனைத் தீர்மானிக்கிறது. இறைவன் படைத்த அணுக்களுக்குள் இத்தனை ஒழுங்கு! இளக வேண்டிய இடத்தில் இளகி, சோதனைத் தீயில் உறுதியாய் நிற்கும் அப்படிகம் போல நாமும் வாழ்வோமாக!