மகிழ்ச்சிக் காலத்தில் நன்றி கூறல் – யூதர் கொள்கை

சென்ற கார்த்திகைத் தீபத்தன்று மாலை யாம் திருவண்ணாமலையில் நண்பரொருவர் வீட்டு மாடியில் நின்றிருந்தோம். ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் எழுந்தது. வீதிகளில் நெருங்கி நின்ற ஜனத்திரளின் அரோகரா முழக்கம் மலைமேல் மோதித் திரும்பிற்று. பின்னர் அவ்வீட்டம்மையார் மாடங்களிலும் வாயிற்படியிலும் அகல்களை ஏற்றி வைத்து, வெல்லப்பாகில் உருட்டிய அவற்பொரியையும் நெற்பொரியையும் ஒரு தட்டில் இட்டு எமக்குத் தந்தார். அதனை உண்ணும்போதே வேறோர் அவல் எம் நினைவுக்கு வந்தது. இக்கட்டுரைக்குக் காரணம் அதுவே.

பம்பாய்க்குத் தெற்கேயுள்ள கொங்கணக் கரையில் பெனே இஸ்ரவேலர் என்னும் யூதர் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்தனர். கப்பலுடைந்து ஏழு ஆடவரும் ஏழு பெண்டிருமே உயிர்தப்பி நவ்காவ் என்னும் ஊரிற் கரையேறினர் என்பது அவர்களது ஐதிகம். செக்காட்டி எண்ணெய் எடுத்தல் அவர்களிற் பலருக்குத் தொழில். ஓய்வுநாளில் செக்கை நிறுத்திவிட்டபடியால், அயலார் அவர்களைச் சனிக்கிழமைச் செக்கார் என்று பொருள்படும் மராத்திப் பெயரால் அழைத்தனர். 1948-க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டிற்குச் சென்றுவிட்டனர். எஞ்சியோர் பம்பாயிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ளனர்.

இவர்கள் வீட்டில் மணம் நிகழினும், புதுமனை புகினும், நோயாளி எழுந்து நடமாடினும், வேண்டுதல் நிறைவேறினும் மலீதா என்றொரு சடங்கு உண்டு. நனைத்த அவலோடு தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலம் முதலியன கலந்து பெருந்தட்டிற் குவித்து, மேலும் சுற்றிலும் பழங்களை அடுக்குவர். எலியா தீர்க்கதரிசியை நினைந்து பாடி, கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொல்லி, வந்தவர்க்கெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பர். அவலும் தேங்காயும் நம் நாட்டுப் பொருள்கள். ஆனால் அத்தட்டின் கருத்து எருசலேம் தேவாலயத்துக்கு உரியது என்று ஆராய்ந்தோர் சிலர் கருதுகின்றனர்.

அதனைச் சற்றே விரித்துக் கூறுவோம். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் ஸ்தோத்திர பலி என்பதொன்று உண்டு. பலியுடன் அப்பங்களும் படைக்கப்பட வேண்டும். அவை நால்வகை, வகைக்குப் பத்தாக நாற்பது என்று மிஷ்னா என்னும் நூல் கணக்கிடுகின்றது. ஏனைய சமாதான பலிகளை மறுநாளும் உண்ணலாம். இதனையோ அன்றைக்கே உண்டு தீர்க்க வேண்டும், விடியற்காலத்துக்கு மீதி வைக்கலாகாது. ஒருவன் ஒரு பகலில் நாற்பது அப்பத்தை எங்ஙனம் உண்பான்? உற்றாரையும் அயலாரையும் அழைத்தாலன்றி இயலாது. அழைக்கப்பட்டவர் காரணம் வினவுவர். அவனும் தான் பெற்ற நன்மையைச் சொல்லியே தீரவேண்டும். பிற்காலத்து உரையாசிரியர் சிலர் இதுவே அவ்விதியின் நோக்கம் என்றனர். எமக்கும் அவ்வுரை பொருத்தமாகவே தோன்றுகின்றது.

துன்பத்தில் கடவுளை அழைக்க ஒருவரும் கற்றுத்தர வேண்டுவதில்லை. உண்டு நிறைந்து, நல்ல வீடு கட்டி, ஆடுமாடும் பொன்னும் பெருகிய பின்பே மறதி வரும் என்று உபாகமம் எட்டாம் அதிகாரம் எச்சரிக்கின்றது. ஆகவே யூதர் உணவுக்குப் பின் சொல்லும் நன்றியையே வேதம் கட்டளையிட்டதாகக் கொள்வர். முன் சொல்வது பெரியோர் வகுத்தது. பசியில் நினைப்பது எளிது, வயிறு நிறைந்தபின் நினைப்பதே அரிது போலும். தேர்வுக்கு முன் நேர்ந்துகொள்ளும் வேகமும், தேர்ச்சி வந்தபின் அதனை மறக்கும் வேகமும் நம் கல்லூரியில் அறியப்படாதவை அல்ல. ஆசிரியர்களாகிய யாமும் அதற்கு விலக்கல்லேம்.

மகிழ்ச்சியிற் சொல்லவேண்டிய வாழ்த்துரைகளும் அவர்களிடம் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆண்டின் முதற்பழத்தை உண்ணும்போதும், புத்தாடை உடுக்கும்போதும், பண்டிகை தொடங்கும்போதும், உயிரோடு வைத்து இப்பருவத்தைக் காணச்செய்தமைக்காகக் கடவுளை வாழ்த்துவர். நன்மை தனக்கன்றிப் பிறர்க்கும் வந்ததாயின் சொல்லும் வாழ்த்து வேறு. மழை பெய்தது என்று வைத்துக்கொள்வோம். நிலம் தனக்கே உரியதாயின் முன்னையது. கூட்டாளியுடன் உரியதாயின், நல்லவரும் நன்மை செய்பவருமாகக் கடவுளைப் புகழும் பின்னையது. இங்ஙனம் தல்மூத் பகுக்கின்றது. வாய் திறக்குமுன், இந்நன்மையில் வேறு யாருக்குப் பங்கு உண்டு என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும்!

முதற்கனி செலுத்தும் முறையும் இத்தகையதே. உழவன் தோட்டத்திற் சென்று, முதலிற் பழுத்த அத்திப்பழத்தைக் கண்டால் அடையாளமாக ஒரு கோரையைக் கட்டி வைப்பான். பின் ஊரவரோடு கூடிக் குழலிசை முன்செல்ல எருசலேமுக்குக் கூடை சுமப்பான். அங்கே அவன் விளைச்சலின் பெருமையைப் பேசுவதில்லை. தன் முன்னோர் அலைந்து திரிந்ததையும் எகிப்தில் அடிமைப்பட்டதையும் சொல்லியே நன்றி கூறுவான். அவ்வசனங்களைப் படிக்கத் தெரிந்தவர் தாமே படித்தனர். தெரியாதவர்க்குப் பிறர் சொல்லிக்கொடுத்தனர். இதனால் வெட்கிக் கல்லாதவர் வருவதையே நிறுத்திவிட்டனர். அதுகண்ட பெரியோர், கற்றவர் கல்லாதவர் எல்லாருக்குமே சொல்லிக்கொடுப்பது என்று விதித்தனர். கல்வி பெற்ற நாம் இவ்விடத்தில் சற்று நின்று செல்லல் நலம்.

நிற்க. நம் நாட்டிலேயே இதற்கொரு சரித்திரச் சான்று உண்டு. மைசூர்ப் போர்கள் திருவண்ணாமலையையும் விட்டுவைத்தனவல்ல. 1767 செப்டம்பரில் கர்னல் ஸ்மித்தின் படையோடு ஹைதர் அலியும் நிஜாமும் பொருதது இவ்வூரின் அருகிலேதான். பின்னர் 1780-ல் தொடங்கிய இரண்டாம் போரில், ஆங்கிலக் கம்பெனிப் படையிற் பணிசெய்த சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்னும் பெனே இஸ்ரவேலர் திப்புவின் படையிடம் சிறைப்பட்டார். திப்புவின் தாயார் பரிந்து பேசியதால் உயிர் தப்பினார் என்பது அச்சமூகத்தாரின் வழிவழிச் செய்தி. மீண்டுவந்த திவேகர் தம் நேர்த்திப்படி 1796-ல் பம்பாயில் ஒரு ஜெப ஆலயம் கட்டினார். இரக்கத்தின் வாயில் என்பது அதன் பெயர். அம்மக்களுக்கு அதுவே முதல் ஆலயம். அதற்கு வேண்டிய தோராச் சுருள்களைத் தேடிக் கொச்சிக்குச் சென்றவர் 1797-ல் அங்கேயே காலமானார். தம் விடுதலைக்காக அவர் கூறிய நன்றி ஒரு கூட்டத்தார் அனைவர்க்கும் தொழுமிடம் ஆயிற்று.

இனி, மகிழ்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு என்பது அவர்கள் கருத்து. எகிப்தியர் செங்கடலில் ஆழ்ந்தபோது தேவதூதர் பாடத் தொடங்கினராம். தம் கைவேலையாகிய மனிதர் நீரில் மாளும்போது பாட்டு எதற்கு என்று கடவுள் தடுத்தாராம். பஸ்காப் பண்டிகையின் பின்னாட்களில் துதிப்பாடல்களைக் குறைத்தே பாடுவதற்கு இதனையே காரணமாகச் சொல்வாரும் உளர். மற்றொரு கதையில், மகன் திருமணத்தில் விருந்தினர் களிப்பு அளவிறந்து போனதைக் கண்ட அறிஞர் ஒருவர், நானூறு வெள்ளிக்காசு பெறும் கிண்ணத்தை எடுத்து வந்து அவர்கள் முன்னே உடைத்தார். சிரிப்பு அடங்கிற்று. அத்தனை விலையுயர்ந்ததை உடைத்திருக்க வேண்டுமா என்று எம் மாணவர் ஒருவர் கேட்டார். மலிவானதாயின் யாரும் திரும்பிப் பார்த்திரார் என்பதே யாம் கூறக்கூடிய விடை.

தீப நாளன்று உண்டு முடித்துப் புறப்படும்போது, அவ்வீட்டம்மையார் மூடிவைத்த வேறொரு தட்டைத் தம் சிறுமகள் கையில் கொடுப்பதைக் கண்டோம். எதிர்வீட்டில் அவ்வாண்டு ஒரு சாவு நேர்ந்திருந்தது. அங்கே பண்டிகை இல்லை, அகல் விளக்கு வரிசையும் இல்லை. "பாட்டி கையிலேயே கொடு, உடனே ஓடி வந்துவிடாதே, சிறிது நேரம் உட்கார்ந்திருந்து வா" என்று அவர் சொல்லியனுப்பினார். சிறுமி தட்டை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வீதியைக் கடந்தாள்.